மேஜையில் யாருக்கு நாற்காலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஏதாவது ஒரு நாட்டில் ஆட்சி ஆட்டம் கண்டால் நம் நாளிதழ்களின் உலகச் செய்திப் பக்கத்தில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: ‘பேச்சுவார்த்தைக்கு அண்டை நாடுகள் ஆதரவு’. இரண்டு பத்தி, கைகுலுக்கும் படம் ஒன்று, அதோடு சரி. அந்த ஆதரவு என்ன ஆதரவு, யார் போய் யாரிடம் பேசப் போகிறார்கள், எத்தனை நாளுக்குள், பேச மறுத்தால் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் மறுநாளும் வருவதில்லை, மறுமாதமும் வருவதில்லை. பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கத்து வாசகர்களால் இந்த வரியைச் சும்மா தாண்டிப் போக முடியாது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழருக்காக இங்கே டேன்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகள் எழுந்ததே இரண்டு அண்டை நாடுகள் உட்கார்ந்து பேசியதால்தான்.

1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கியதை 1974-இல் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும். விண்ணப்பம் போட்டது தொழிலாளிதான் என்று யாராவது சொல்லலாம். உண்மை. ஆனால் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்ற எண்ணிக்கையைப் போட்டபோது தோட்டத் தொழிலாளரின் பெரிய சங்கத்தைக்கூட யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அந்தச் சங்கத்தின் தலைவர் தொண்டமான் கடைசி வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதில் எங்கே பழுதானது என்று பார்ப்பது நல்லது. 7 பேர் இந்தியாவுக்குப் போனால் 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். காலக்கெடு 15 ஆண்டு. அந்த விகிதத்தை, பாஸ்போர்ட் கையில் கிடைத்த கணக்கில் பார்ப்பதா, கப்பலேறிய கணக்கில் பார்ப்பதா என்பதிலேயே ஆண்டுகள் ஓடின. கப்பலேறியவரைத்தான் கணக்கில் எடுப்போம் என்று கொழும்பு சட்டம் திருத்தியது. அப்படியானால், இங்கே மறுவாழ்வுத் திட்டம் தாமதமானால் அங்கே ஒருவரின் குடியுரிமை நிற்கும். அவருக்கும் இந்தத் தாமதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 1984-இல் போர்ச் சூழலில் தலைமன்னார் – ராமேசுவரம் கப்பலும் நின்றது. பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கப்பல் இல்லாமல் தோட்டத்திலேயே தங்கிப்போனவர்கள் ஏராளம். கடைசியில் 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் யாருக்குப் பொருந்தும் தெரியுமா? 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வருகிற இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும். கடிதம் மாற்றிக்கொண்ட அதே தேதி, 39 ஆண்டு கழித்துச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

இந்தப் பக்கம் வந்தவர்களிடம் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இருக்கிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்து, பிளாஸ்டிக் உறைக்குள், பீரோவின் அடித்தட்டில். சாதிச் சான்று கேட்டுப் போகும் பேரப்பிள்ளை இன்றைக்கும் முதலில் எடுத்து நீட்ட வேண்டிய காகிதம் அதுதான். அண்டை நாடுகளின் ராஜதந்திரம் பிழைபட்டால் எத்தனை தலைமுறைக்கு நீளும் என்று கேட்பவர்கள் அந்த அட்டையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கலாம்.

இது இரு அரசுகளின் ஒப்பந்தம், ஒரு நாட்டின் உள்நாட்டு நெருக்கடியில் நடந்த மத்தியஸ்தம் இல்லை என்று சொல்லலாம். சரிதான். அப்படியானால் மத்தியஸ்தம் உருப்படியாக நடந்த ஓர் இடத்தைப் பார்ப்போம்.

கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று அதிபர் தேர்தல். 30-ஆம் தேதி முடிவை அறிவித்து, அன்று மாலையே அதிபர் கிபாக்கி மறுபடி பதவியேற்றுக்கொண்டார். எதிர்த்து நின்ற ஒடிங்காவின் தரப்பு ஏற்கவில்லை. கலவரத்தில் 1,100-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். கெரிச்சோ தேயிலைத் தோட்டங்களில், பிழைப்புக்காக வந்து லைன் வீடுகளில் இருந்த வேற்று இனத் தொழிலாளரைத் தேடித் தேடி அடித்தார்கள். (கென்யாவில் கலவரம் என்றால் மொம்பாசா ஏலம் படுத்துவிடும், நம் இலைக்கு நாலு காசு கூடும் என்று ஃபாக்டரி வாசலில் கணக்குப் போடுகிறவர்கள் நீலகிரியில் உண்டு. கெரிச்சோ லைன் வீட்டுக்கும் பந்தலூர் லைன் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதையும் அவர்கள் யோசித்தால் நல்லது.)

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அப்போதைய தலைவரான கானா அதிபர் குஃபூர் ஜனவரி இரண்டாம் வாரம் நைரோபிக்கு நேரில் போனார். மூவர் குழுவுக்கு இரு தரப்பின் சம்மதத்தையும் வாங்கினார்: ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலர் கோஃபி அன்னான், தான்சானியாவின் முன்னாள் அதிபர் ம்காப்பா, மொசாம்பிக்கின் கிராசா மஷேல். அன்னான் ஜனவரி 22 அன்று வந்து இறங்கினார். அவர் பிடிவாதமாக நின்ற ஒரு விஷயம், மத்தியஸ்தம் ஒன்றே ஒன்றுதான் நடக்க வேண்டும் என்பது. ஆளுக்கொரு தூதர் வந்து இறங்கினால் என்ன ஆகும்? இந்தத் தூதர் சொல்வது பிடிக்காத தரப்பு அந்தத் தூதரிடம் ஓடும். 2019-இல் வெனிசுவேலாவுக்கு அதுதான் நேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் சேர்ந்த லிமா குழு எதிர்க்கட்சித் தலைவரையே அதிபராக ஏற்றுக்கொண்டது. மெக்சிகோவும் உருகுவேயும் கரீபிய நாடுகளோடு சேர்ந்து தனி வழி காட்டின. ஐரோப்பியர் தலைமையில் தொடர்புக் குழு ஒன்று, நார்வே நடத்திய பேச்சு ஒன்று. இத்தனை மேஜை போட்டால் எந்த மேஜைக்கும் மரியாதை இருக்காது.

கென்யாவில் பிப்ரவரி 1 அன்று கையெழுத்தான நிகழ்ச்சி நிரலில் நான்கே தலைப்புகள். முதலாவது வன்முறையை நிறுத்துவது. இரண்டாவது இடம்பெயர்ந்தவருக்கு உதவி. மூன்றாவதுதான் யார் ஆள்வது என்ற அரசியல் சிக்கல். நான்காவது நிலம், வேலையின்மை, அரசியல் சட்டம் போன்ற பழைய புண்கள். முதல் மூன்றுக்கு 7 முதல் 15 நாள், நான்காவதுக்கு ஓராண்டு என்று கெடு எழுதி வைத்தார்கள். வரிசையைக் கவனியுங்கள். ‘ஜெயித்தது யார்’ என்பதை முதலில் வைத்திருந்தால் முதல் நாளே மேஜை கவிழ்ந்திருக்கும். இரு தரப்பாலும் மறுக்க முடியாத விஷயத்தில் தொடங்கி, ஒரு வாரம் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய பிறகுதான் கடினமானது வந்தது.

வந்ததும் அவர்களை நைரோபியிலிருந்து கிளப்பி, பிப்ரவரி 12 முதல் 14 வரை த்சாவோ காட்டுக்குள் இருக்கும் கிலகுனி விடுதிக்குக் கொண்டுபோனார்கள். நிருபர்கள் கிடையாது, மாலையானால் வீட்டுக்குப் போய்க் கட்சிக்காரரின் வாயைப் பார்க்க வேண்டியதும் கிடையாது. அந்த நாட்களில் ஐ.நா. தேர்தல் நிபுணர் ஒருவர் வாக்குகளைத் திரும்ப எண்ணுவது, கூட்டலை மட்டும் சரிபார்ப்பது, மறுதேர்தல் என்று ஒவ்வொரு வழியையும் எடுத்துவைத்து, எதற்கு எவ்வளவு காலம் ஆகும், எங்கே சிக்கும் என்று விளக்கினார். மறுதேர்தல் என்றால் மறுபடி பிணம் விழும் என்பதை இரு தரப்பும் தாமாகவே ஒப்புக்கொண்டன. கூட்டணி ஆட்சி எப்படி நடக்கும் என்று சொல்ல ஜெர்மனியின் அமைச்சர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். 2005-இல் அங்கே இரண்டு பெரிய கட்சிகள் சேர்ந்து ஆட்சி அமைத்தபோது துறைகளை எப்படிப் பிரித்தார்கள், சண்டை வந்தால் எங்கே தீர்த்தார்கள் என்று அவர் சொன்னார். ‘சமரசம் செய்துகொள்ளுங்கள்’ என்று அறிக்கை விடுவது யாராலும் ஆகும். சமரசத்துக்கான வரைபடத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது வேறு வேலை.

அப்படியும் நின்றுபோனது. ஒடிங்காவுக்குப் பிரதமர் பதவி சரி, அந்தப் பதவிக்கு அதிகாரம் எவ்வளவு என்பதில் இரு தரப்புப் பேச்சாளர்களும் முட்டிக்கொண்டார்கள். பிப்ரவரி 26 அன்று அன்னான் குழுப் பேச்சையே நிறுத்திவைத்தார். 28-ஆம் தேதி கிபாக்கியையும் ஒடிங்காவையும் மட்டும் உட்காரவைத்து, கூட ம்காப்பாவையும், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமைக்குப் புதிதாக வந்திருந்த பக்கத்து நாட்டு அதிபர் கிக்வெட்டேயையும் வைத்துக்கொண்டார். தான்சானியாவில் அதிபரும் உண்டு, பிரதமரும் உண்டு. இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று அனுபவித்தவர் வாயால் சொல்ல முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேசுவதன் பலன் இப்படி ஓரிடத்தில்தான் துல்லியமாகத் தெரியும். பிரதமர் அரசின் பணிகளை ‘ஒருங்கிணைத்து மேற்பார்வையிடுவார்’ என்ற சொற்றொடரில் வந்து முடிந்தது. அன்றைக்கே அதிபர் அலுவலகமான ஹராம்பே மாளிகை வாசலில் மேஜை போட்டு ஊரறியக் கையெழுத்திட்டார்கள்.

ஒப்பந்தத்தில் ஓட்டையும் இருந்தது. எந்தத் துறை யாருக்கு என்று எழுதவில்லை. அதற்கு மட்டும் ஆறு வாரத்துக்கு மேல் இழுத்து, ஏப்ரல் 13 அன்று 40 அமைச்சர்களோடு ஒரு ஜம்போ அமைச்சரவை வந்தது. ஆனாலும் நான்காவது தலைப்பை யாரும் காற்றில் விடவில்லை. எவ்வளவு நடந்தது, எது நடக்கவில்லை என்று வெளி ஆய்வு நிறுவனம் ஒன்று அவ்வப்போது அறிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தது. ஓராண்டில் முடிய வேண்டியது இரண்டரை ஆண்டானது. 2010 ஆகஸ்டில் புதிய அரசியல் சட்டம் வந்தது.

இதற்கு நேரெதிர் மியான்மர். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைவர்கள் கூடி ஐந்து அம்சங்களுக்கு உடன்பட்டார்கள்: வன்முறை நிறுத்தம், எல்லாத் தரப்பும் பேசுவது, சிறப்புத் தூதர், நிவாரணம், தூதர் மியான்மருக்குப் போய் எல்லோரையும் சந்திப்பது. ‘உடனடியாக’ என்ற ஒரு சொல்லைத் தவிர ஐந்தில் எதற்கும் நாள் கிடையாது. ராணுவத் தளபதி மேஜைக்கு வந்திருந்தார். அவரால் விரட்டப்பட்டவர்கள் அமைத்த தேசிய ஒற்றுமை அரசுக்கு அழைப்பு இல்லை. தளபதி ஊருக்குத் திரும்பியதும், நிலைமை சீரானபின் அந்த ‘ஆலோசனைகளை’ப் பரிசீலிப்போம் என்றது ராணுவம். சிறப்புத் தூதரை நியமிக்கவே ஆகஸ்ட் 4 ஆகிவிட்டது. 102 நாள்! பதவி பறிக்கப்பட்ட தலைவர் ஆங் சான் சூகியைப் பார்க்க விடமாட்டோம் என்றார்கள், தூதர் பயணத்தையே ரத்து செய்தார். இன்னொரு கோளாறு அமைப்பிலேயே இருக்கிறது. ஆசியான் தலைமை ஆண்டுதோறும் மாறும், அதோடு தூதரும் மாறுவார். புருனே, கம்போடியா, இந்தோனேசியா, லாவோஸ், மலேசியா என்று வருஷத்துக்கு ஒருவர். ஒவ்வொருவரும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் மறுபக்கத்துக்குக் கொண்டாட்டம்தானே.

நாள் குறித்து எழுதுவது எப்படி என்பதற்கு மத்திய அமெரிக்காவின் எஸ்கிபுலாஸ் ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். 1987 ஆகஸ்ட் 7 அன்று ஐந்து நாட்டு அதிபர்கள் கையெழுத்திட்டார்கள். 15 நாளுக்குள் வெளியுறவு அமைச்சர்கள் கூட வேண்டும். 90-ஆம் நாள் போர் நிறுத்தம், பொதுமன்னிப்பு, கிளர்ச்சிக்காரருக்கு உதவியை நிறுத்துவது எல்லாம் ஐந்து நாட்டிலும் ஒரே நேரத்தில் அமலுக்கு வர வேண்டும். 120-ஆம் நாள் சரிபார்ப்புக் குழு ஆராயும், 150-ஆம் நாள் அதிபர்கள் மறுபடி கூடுவார்கள். ‘நீ முதலில் செய், பிறகு நான்’ என்ற பழைய தகராறுக்கு அந்த ‘ஒரே நேரத்தில்’ முற்றுப்புள்ளி வைத்தது. நம் 7:4 கயிறு செய்த வேலைக்கு நேர் எதிரான ஏற்பாடு.

பேச்சு பலிக்காவிட்டால்? மேற்கு ஆப்பிரிக்காவின் எக்கோவாஸ் அமைப்பு இரண்டு விதமாகவும் செய்து காட்டியிருக்கிறது. காம்பியாவில் 2016 டிசம்பரில் தேர்தல் தோல்வியை ஒப்புக்கொண்ட அதிபர் ஜாமே ஒரு வாரத்தில் பேச்சை மாற்றினார். நான்கு நாட்டு அதிபர்கள் நேரில் போய்ப் பேசினார்கள். பேச்சு ஒருபக்கம், எல்லையில் படை மறுபக்கம், தப்பிப் போக ஒரு கதவு மூன்றாவது பக்கம். 2017 ஜனவரி 19 அன்று புதிய அதிபர் செனகலில் உள்ள தூதரகத்திலேயே பதவியேற்றார், 21-ஆம் தேதி ஜாமே நாட்டை விட்டுப் போனார். நைஜரில் 2023 ஜூலையில் அதே அமைப்பு, ஒரு வாரத்தில் அதிபரை விடுவிக்காவிட்டால் படை வரும் என்று கெடு வைத்தது. கெடு ஆகஸ்ட் 6 அன்று முடிந்தது, படை வரவில்லை. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியதில் இருட்டில் உட்கார்ந்தது சாதாரண ஜனம். முடிவில் நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ மூன்றும் எக்கோவாஸை விட்டே வெளியேறிவிட்டன. செய்ய முடியாத மிரட்டலைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது மேல்.

இந்தியாவின் கையும் பல மேஜைகளில் பட்டிருக்கிறது. 1985-இல் பூடான் தலைநகர் திம்புவில் இலங்கை அரசையும் ஆறு தமிழ் அமைப்புகளையும் இரண்டு சுற்று உட்காரவைத்தது. அரசுத் தரப்புக்குத் தலைமை அதிபர் ஜெயவர்த்தனாவின் தம்பி. போராளி அமைப்புகளின் தலைவர்கள் வரவில்லை, அடுத்த நிலையில் இருந்தவர்களை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் இருந்தார்கள். முடிவெடுக்கிறவர் அறையில் இல்லாத பேச்சு எவ்வளவு தூரம் போகும்? வவுனியாவில் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி வந்ததும் ஆகஸ்ட் 17 அன்று தமிழர் தரப்பு எழுந்து வந்துவிட்டது. பலருக்கு மறந்துபோன ஒன்று உண்டு. திம்புவில் வைத்த நான்கு கோட்பாடுகளில் நான்காவது, இலங்கையைத் தம் நாடாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் முழுக் குடியுரிமை வேண்டும் என்பது. தோட்டத் தொழிலாளரின் மலையகத்துக்கு நாற்காலி இல்லாத அறையில் மலையகத்தின் கோரிக்கை கடைசி வரியாகவாவது இருந்தது. நாடற்றவர்களுக்கான சட்டம் 1986-இல் வந்ததற்கு, அந்த ஆண்டுத் தொடக்கத்தில் தோட்டங்களில் வேலையை நிறுத்தி நடத்திய பிரார்த்தனைப் போராட்டத்துக்கும் பங்கு உண்டு.

1987 ஜூலை 29 இந்திய – இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள் மட்டுமே. ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டியவர்களின் கையெழுத்து அதில் இல்லை. அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டதை இந்த நாளிதழின் பழைய வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேபாளத்தில் ஓரளவு பாடம் படித்தோம். 2005 நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் 12 அம்சப் புரிந்துணர்வுக்கு வந்தது டெல்லியில். ஆனால் அந்தக் காகிதத்தில் இந்தியா ஒரு தரப்பாக இல்லை. இடம் கொடுத்தோம், ஒதுங்கி நின்றோம். 2006 ஏப்ரலில்தான் அவசரப்பட்டோம். கரண் சிங் தூதராகப் போய் மன்னரைப் பார்த்துவிட்டு வந்ததும், மன்னரின் முதல் அறிவிப்பை டெல்லி வரவேற்றுவிட்டது. தெருவில் நின்ற மக்களோ அதை ஏற்கவில்லை. வெளியுறவுச் செயலர் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. 24-ஆம் தேதி இரவு மன்னர் நாடாளுமன்றத்தையே திரும்பக் கூட்டினார். அவசர வரவேற்பு அறிக்கை ஒன்று, பல மாத வேலையைக் கெடுக்கப் பார்த்தது.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் எங்கே என்று கேட்காதீர்கள். அதன் சாசனத்தின் பத்தாவது பிரிவே எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புப் பிரச்சினையும் சர்ச்சைக்குரிய விஷயமும் பேச்சில் வரக்கூடாது என்கிறது. சர்ச்சை இல்லாத நெருக்கடி எங்கே இருக்கிறது? கடைசி உச்சி மாநாடு 2014-இல் காத்மாண்டுவில் நடந்தது. அதற்குப் பிறகு 2022-இல் கொழும்பிலும், 2024-இல் டாக்காவிலும், 2025-இல் காத்மாண்டுவிலும் தெருப் போராட்டத்தில் அரசுகள் விழுந்தன. சார்க்குக்கு மூன்றிலும் வேலை இல்லை. சாசனத்தைத் திருத்த எட்டு நாடுகளும் ஒத்துக்கொள்ளும் என்று காத்திருக்கத் தேவையில்லை. முன்னாள் பிரதமர்கள், தேர்தல் ஆணையர்கள், நீதிபதிகள் என்று எல்லாத் தரப்பும் மதிக்கிற பத்துப் பதினைந்து பேரின் பட்டியலை அமைதிக் காலத்திலேயே தயாராக வைக்கலாம். கரீபிய நாடுகள் ஹைட்டிக்காக மூன்று முன்னாள் பிரதமர்களைத்தான் அனுப்பின. 2024 மார்ச்சில் கிங்ஸ்டனில் கூடியபோது, இடைக்கால ஆட்சிக் குழுவில் சேருகிறவர் அடுத்த தேர்தலில் நிற்கக்கூடாது என்பதை முன்நிபந்தனையாக வைத்தார்கள். சின்னஞ்சிறு தீவுகள்! அவற்றால் முடிந்தது.

தங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை ‘அண்டை நாடுகள் ஆதரவு’ என்ற செய்தி வரும்போது அறிக்கையின் முழு வாசகத்தையும் தமிழில் போடுங்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி: தூதர் யார், என்றைக்குப் போகிறார், யாரைப் பார்க்க விடுகிறார்கள், யாரை விடவில்லை, பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் அறையில் யார் இருக்கிறார்கள். நூறாவது நாள் அதே பெட்டியை எடுத்து மறுபடியும் போடுங்கள், காலியாக இருக்கிற கட்டங்களைக் காலியாகவே விட்டு.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.